மூன்று மாவுப் பாக்கெட்டும் ஒரு கம்பி பூட்ஸும்

ஞாபினி என்கிற மலையூரின் சந்தையில் ஜெருஷாவின் வாய்க்குப் பயப்படாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் சந்தைக் காவல்காரர், அவருக்குக் காது கேட்காது. இன்னொருத்தி வரிகியா.

ஜெருஷா விற்பது பழைய துணி, அதிலும் குழந்தைத் துணி மட்டும். கடல் தாண்டி மூட்டை மூட்டையாக வருகிறதைத் தார்ப்பாயில் கொட்டி, கவிழ்த்த பெட்டி மேல் ஏறி நின்று அவள் கூவ ஆரம்பித்தால் ஞாண்டருவா மலைச் சரிவில் மேய்கிற ஆடுகூடத் தலை தூக்கிப் பார்க்கும். "வெள்ளைக்காரப் பிள்ளை ஒரே தடவை போட்டது! தொட்டுப் பாருங்க தாய்மாரே!" தொட்டவர்கள் வாங்காமல் போனதாகச் சரித்திரம் இல்லை.

வரிகியா அவளுக்கு நேர் எதிரே ஒரு குட்டை முக்காலியில் உட்கார்ந்திருப்பாள். ஐம்பத்துநாலு வயது. ஐந்து பிள்ளைகளைப் பெற்று வளர்த்து ஆளாக்கிவிட்டவள். கையில் எப்போதும் குரோஷா ஊசி. பின்னி முடித்ததைப் பெயருக்கு ஒரு கயிற்றில் தொங்கவிட்டிருப்பாள். கூவவே மாட்டாள். கூவாதது போகட்டும், வாங்க வந்தவளையும் உட்காரவைத்துக் கேள்வி கேட்பாள். "எத்தனை மாசம்? முதுகுல கட்றது நீயா, உன் தங்கச்சியா? வீட்டுக்குள்ள அடுப்பு எரியுமா? துணி எங்க காயப்போடுவ?" வந்தவள் எரிச்சலாகி இந்தப் பக்கம் திரும்பி ஜெருஷாவிடம் ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

அவள் பின்னுகிற உருப்படிகளும் கொஞ்சம் கோமாளித்தனமாகத்தான் இருக்கும். முன்பக்கம் ஒரு பட்டன் கிடையாது. எல்லாம் தோளிலும் விலாவிலும் நாடா. கால்சட்டைக்குப் பின்பக்கம் தொளதொளவென்று ஒரு பை, கால்களோ முழ நீளம். பின்னல் அவ்வளவு நெருக்கம், ஒரு ஓட்டையில்கூடக் குழந்தையின் விரல் நுழையாது. ஒவ்வொன்றையும் உள்பக்கம் திருப்பி, முடிச்சு இருக்கிற இடத்தை எல்லாம் தன் உதட்டால் தடவிப் பார்த்த பிறகுதான் தொங்கவிடுவாள்.

"என்னக்கா, சட்டைக்கு முத்தம் குடுக்கறீங்க? வீட்ல அண்ணன் கோவிச்சுக்கப் போறாரு!" என்பாள் ஜெருஷா.

"விரல் பொய் சொல்லும்டி. எனக்குக் காய்ச்சுப் போன விரல். உதட்டுக்கு உறுத்தினா பிள்ளைக்கு உறுத்தும்."

"அது சரி, இது என்ன பிள்ளைக்குப் பின்னினதா, கொக்குக்குப் பின்னினதா? இம்மாம் நீளக் காலு!"

"முதுகுல கட்டிப் பாரு, தெரியும்."

அவ்வளவுதான் பேச்சு. வெள்ளிக்கிழமைதோறும் ஜெருஷாவின் மூட்டையில் தப்பித் தவறி வந்த பெரியவர்களின் கிழிந்த ஸ்வெட்டர்களை வரிகியா வாங்கிக்கொண்டு போவாள். பிரித்து, நனைத்து, நூலை நீவிக் காயவைத்து, அதில்தான் பின்னுவாள். நம் குப்பையை நமக்கே நூலாக்கிக் காட்டுகிறாளே என்று ஜெருஷாவுக்கு உள்ளூர ஒரு எரிச்சல் உண்டு.

இரண்டு பெண்களுக்குப் பிறகு, இனி இல்லை என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்ட முப்பத்தெட்டாம் வயதில், ஒரு பிப்ரவரி மாதம் ஜெருஷாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. முறைப்படி புருஷனின் அப்பா பேரை வைத்தார்கள், முகோ. லாரியில் உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றுகிற அந்தப் புருஷன் கினுத்தியா, செத்துப்போன அப்பாவே திரும்பி வந்துவிட்டார் என்று குழந்தையை "அப்பா, சாப்பிட்டீங்களா?" என்றுதான் கொஞ்சினான்.

குழந்தையின் வலது பாதம் உள்பக்கமாக மடங்கி, உள்ளங்கால் மேலே பார்த்தபடி இருந்தது.

பெற்றவளுக்குக் கறுப்பு மொச்சைக் கஞ்சியும் விறகுமாகப் பார்க்க வந்த பெண்கள் எல்லோரும் குழந்தையின் முகத்தைப் புகழ்ந்தார்கள். காலைப் பற்றி ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனம்தான் ஜெருஷாவை அறுத்தது.

மலைக்குக் கீழே டவுனில் ஒரு கிளினிக். அங்கே மாவுக்கட்டுப் போடுகிற ஒரு மனிதர், அதிகம் பேசாதவர். வாரம் ஒரு தடவை அந்தக் குட்டிப் பாதத்தைக் கையில் வாங்கி, மெதுவாக, கோபித்துக்கொண்ட குழந்தையைச் சமாதானப்படுத்துகிற மாதிரி கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி, அந்த இடத்திலேயே மாவுக்கட்டு வைத்து அனுப்புவார். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். ஆறு வாரத்தில் பாதம் திரும்பிவிட்டது. கடைசியாகக் குதிகாலில் ஒரு சின்னக் கீறல், மூன்று வாரக் கட்டு, முடிந்தது. கட்டைப் பிரித்த அன்று நேராக இருந்த அந்தக் காலைப் பார்த்து ஜெருஷா கிளினிக்கே அதிர அழுதாள்.

அதற்குப் பிறகுதான் வந்தது கம்பி பூட்ஸ். முன்னால் விரல் தெரியத் திறந்து, குதிகாலில் ஒரு ஓட்டை வைத்த இரண்டு குட்டி பூட்ஸ், நடுவில் ஒரு கம்பி. இரண்டு பாதமும் வெளிப்பக்கம் பார்த்தபடி இருக்கும்.

"மூணு மாசம், குளிப்பாட்ற நேரம் தவிர கழட்டக் கூடாது. அப்புறம் தூங்கும்போது மட்டும், நாலு வயசு வரைக்கும். கழட்டினா கால் பழையபடி போயிடும்மா. பிறந்த இடம் அதுக்கு ஞாபகம் இருக்கும்" என்றார் கிளினிக்காரர்.

ஜெருஷா தலையை ஆட்டினாள். ஆட்டினது பொய்யில்லை. ஆனால் இந்தக் கினங்கோப் மேட்டு நிலத்தில் ஜூன் மாதக் குளிர் எப்படி என்று கீழே டவுனில் இருக்கிறவருக்கு என்ன தெரியும்? விடிகாலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும். சந்தைக்குப் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டுதான் போயாக வேண்டும். கம்பிக்கு மேலே கால்சட்டை ஏறாது. கால்சட்டை இல்லாமல் கட்டினால் தொடை விறைக்கிறது. கம்பியோடு கட்டினால் அது இவள் முதுகெலும்பில் இடித்து, பிள்ளை வீறிடுகிறான். தன் மூட்டையையே மூன்று தடவை தலைகீழாகக் கொட்டிப் பார்த்தாள். நூற்றுக்கணக்கில் கால்சட்டை. பூப்போட்டது, கரடி போட்டது, ஜிப் வைத்தது, ஒன்றாவது அந்தக் கம்பியைத் தாண்டிப் போகவேண்டுமே! ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் துணி விற்கிறவளின் பிள்ளைக்குப் போட ஒரு துணி இல்லை.

அவளைச் சந்தைக்கு ஏற்றிப்போகிற கிழங்கு லாரி புறப்படுகிற நேரமாகிவிட்டது. சந்தை வரைக்கும்தானே என்று கழற்றினாள், கால்சட்டையைப் போட்டாள், முதுகில் கட்டினாள். சந்தைக்குப் போனதும் மாட்டலாம் என்றால் அங்கே நாலு பேர் பார்க்கிறார்களே. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது கழற்றினாள். தங்கச்சி வீட்டு விசேஷத்தில் கழற்றினாள். இந்த மேட்டு நிலத்தில் பிள்ளை பெற்ற எவளும் இதைத்தான் செய்திருப்பாள். பிள்ளை முதுகில் இல்லாமல் இங்கே ஒரு வேலையும் நடக்காது.

ஐந்து வாரம் இப்படியே போயிற்று. ஒரு நாள் வலது பூட்ஸுக்குள் குதிகால் இறங்க மறுத்தது. அழுத்தினாள், ஏறி ஏறி வந்தது. பாதம் லேசாக, மிக லேசாக, உள்பக்கம் பார்த்தது.

கிளினிக்காரர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "இன்னும் இரண்டு வாரம் மாவுக்கட்டுப் போட்டுத் திருப்பிடறேன். ஆனா இது கடைசி. இதுக்கப்புறமும் கழட்டினா பெரிய ஆபரேஷன்தான். அதுல கால் நேராகும், ஆனா விறைச்சுப் போகும். ஓட முடியாது" என்றார். திரும்பி வருகிற வழியெல்லாம் மட்டாட்டு என்கிற ஷேர் வேனில் ஜெருஷா யாரோடும் பேசவில்லை. அவளைத் தெரிந்த டிரைவர், உடம்புக்கு என்ன என்று இரண்டு தடவை கேட்டான்.

மறுநாள் சந்தையில் அவள் கூவவில்லை. எதிர்ப்பக்கம் போய் வரிகியா முன்னால் நின்றாள். கையில் காலி பூட்ஸும் கம்பியும்.

"அக்கா. நான் தப்புப் பண்ணிட்டேன்."

எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போதே, பத்து வருஷமாக இந்தப் பெண்ணைக் கேலி பேசியதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து முகம் சுட்டது. இப்போது திருப்பிக் கொடுப்பாள், கொடுக்கட்டும், வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றாள்.

வரிகியா பூட்ஸை வாங்கி முகர்ந்து பார்த்தாள். கம்பியை விரலால் அளந்தாள். "எவ்வளவு கனம் பிள்ளை?"

"ஆறு கிலோ."

"ரெண்டு வாரம் இருக்கில்ல? இது என்கிட்ட இருக்கட்டும்." அவ்வளவுதான் சொன்னாள். பிறகு, "வெள்ளிக்கிழமை உன் மூட்டையில எனக்கு ஒரு பெரிய ஆம்பளை ஸ்வெட்டர் தேடு. கம்பளி கலக்காத நூலா இருக்கணும். கம்பளி காய மூணு நாளாகும், இவனுக்கு ஒரே நாள்ல காயணும்" என்றாள்.

அதற்கப்புறம் வரிகியா செய்ததுதான் ஞாபினி முழுக்கப் பேச்சாயிற்று. இரண்டு கிலோ மக்காச்சோள மாவுப் பாக்கெட் மூன்றை ஒரு தலையணை உறையில் போட்டுத் தைத்தாள். பழைய காலுறை இரண்டில் சோளத் தோகையை அடைத்துக் கால் செய்தாள். அந்தக் கால்களுக்கு முகோவின் பூட்ஸை மாட்டி, கம்பியோடு தன் முதுகில் கட்டிக்கொண்டாள். அப்படியே தண்ணீர் எடுத்தாள், கோஸ் வயலில் களை எடுத்தாள், சந்தைக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் வந்தாள். பாடும்போது எல்லோரும் ஆடுகிற மாதிரி அவளும் ஆடினாள், மாவும் ஆடியது.

விடுமா ஊர்?

"வரிகியாவுக்கு ஆறாவது பிறந்திருக்கு டோய்! மூக்கு யாரு ஜாடை?"

"ஐம்பத்துநாலு வயசுல! அப்பன் யாருக்கா?"

"மாவு மில்லுல போய்க் கேளு. சாயந்திரம் அஞ்சு மணிக்குள்ள போ, அப்புறம் பூட்டிடுவாங்க" என்றாள் வரிகியா, நடையை நிறுத்தாமல்.

மற்ற நாளாக இருந்தால் அந்தக் கூத்தில் ஜெருஷாதான் முதல் ஆளாக நின்றிருப்பாள். இப்போது ஒவ்வொரு சிரிப்பும் தன் மேல் விழுகிற அடியாக இருந்தது. தன் பிள்ளைக்காக ஒருத்தி ஊர் நடுவில் கோமாளியாக நடக்கிறாள். உறவில்லை, நெருக்கமில்லை, கேலியைத் தவிர இவள் அவளுக்குக் கொடுத்தது ஒன்றுமில்லை.

"அக்கா, வேண்டாங்க்கா. எல்லாரும் சிரிக்கறாங்க. அளவெடுத்துப் பின்னினா ஆகாதா?"

"அளவு எடுத்தா பிள்ளை படுத்திருக்கற அளவுதான் வரும். நம்ம பிள்ளை எங்கடி படுக்குது? முதுகுலதான் வளருது. எனக்கும் மொதல்ல தெரியல. மூத்தவனுக்குப் புஸ்தகத்தைப் பாத்துத்தான் பின்னினேன். முன்னால மூணு பட்டன், அழகான பட்டன். ஒரு நாள் பூரா கட்டியிருந்து இறக்கினா நெஞ்சுல மூணு பட்டனும் பதிஞ்சிருக்கு. கால்சட்டை முழங்காலுக்கு ஏறி, கெண்டைக்கால் ரெண்டும் ஐஸா இருக்கு. அவன் பேசத் தெரிஞ்சவனா சொல்றதுக்கு?" அவள் கண் கலங்கவில்லை, ஆனால் ஊசி ஒரு நிமிஷம் நின்றது. "அன்னையிலருந்து நான் புஸ்தகத்தைக் கேக்கறதில்ல. முதுகைத்தான் கேக்கறேன்."

கொக்குக் கால் எதற்கு என்று ஜெருஷாவுக்கு அப்போதுதான் புரிந்தது. பத்து வருஷமாகக் கண்ணுக்கு எதிரே தொங்கிய விஷயம். அவளே இரண்டு பெண்களை முதுகில் சுமந்தவள்தான், அவர்களின் கெண்டைக்கால் எப்படி இருந்தது என்று ஒரு நாளாவது தொட்டுப் பார்த்தாளா?

இரண்டாவது வெள்ளிக்கிழமை, சந்தை நெருக்கத்தில் கம்பியின் முனை இடித்து இடித்து ஒரு மாவுப் பாக்கெட் ஓட்டையாகிவிட்டது. வரிகியாவின் கருநீல ஸ்வெட்டர் முதுகில் அங்கங்கே வெள்ளை. ஒரு பெண் ஓடிவந்து தட்டிவிடப் போனாள்.

"தொடாதே!" என்று வரிகியா போட்ட சத்தத்தில் அந்தப் பெண் இரண்டடி பின்னால் போனாள். வரிகியா சத்தம் போட்டு அன்றுவரை யாரும் கேட்டதில்லை. "ஜெருஷா! இங்க வா! மெதுவா இறக்கு. துடைக்காதே. எங்கெங்க வெள்ளை இருக்கு, சொல்லு!"

ஜெருஷா கிட்டப் போய்ப் பார்த்தாள். "நடு முதுகெலும்பு மேல குறுக்க பட்டையா ஒரு கோடு. அதோட ரெண்டு முனையிலயும் குத்துக் குத்தாப் புள்ளி."

"கோட்டுக்குக் கீழ?"

"கீழ... இடுப்புக்கு மேல பள்ளமா இருக்கே, அங்க ஒண்ணுமே இல்ல. சுத்தமா இருக்கு."

வரிகியா சிரித்தாள். குழந்தை மாதிரி ஒரு சிரிப்பு. "விறகு சுமப்பியா?"

"சுமக்காம?"

"கட்டு எங்க உக்காரும்?"

"நெத்தியில பட்டை மாட்டி, கட்டு முதுகுல இந்த..." ஜெருஷாவின் கை தன்னையறியாமல் தன் இடுப்புக்கு மேலே பள்ளத்தைத் தொட்டது. அங்கேயே நின்றது.

"எத்தனை வருஷமா எத்தனை கட்டு அங்க உக்காந்திருக்கு! ஒரு சாண் கம்பி உக்காராதா? நாமதான் பிள்ளையை மேல தூக்கித் தூக்கிக் கட்டறோம். நாலு விரக்கடை இறக்கணும், கம்பிக்கு ஒரு மெத்தை போடணும். அவ்வளவுதான்டி விஷயம்!"

சந்தையே சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தது. இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை.

கட்டுப் பிரிக்கிற நாளுக்கு முந்தின நாள் அந்த உடுப்பு தயாராகிவிட்டது. முழங்கையில் ஓட்டை விழுந்த, ராட்சசன் போட்ட மாதிரியான ஒரு சாம்பல் ஸ்வெட்டர் உருமாறி வந்திருந்தது. மேல்பாதி சட்டை, தோளில் திறக்கும். கீழ்ப்பாதியைக் கால்சட்டை என்றும் சொல்ல முடியாது, பை என்றும் சொல்ல முடியாது. அகன்று மணி மாதிரி இறங்கி, கம்பியைத் தாண்டிப் போய் அடியில் சேர்ந்துகொள்ளும். பூட்ஸைக் கழற்றாமலே ஈரத்துணி மாற்றலாம். கம்பி வருகிற இடத்தில் இரட்டைப் பின்னலில் ஒரு தடித்த மெத்தை. இரண்டு குதிகாலுக்கும் நேரே ஒரு சின்ன மடிப்பு, தூக்கினால் உள்ளே தெரியும்.

"இது எதுக்குக்கா ஜன்னல்? மூடிடுங்களேன். யாரும் பாக்காம இருக்கட்டும்."

"ஊர் பாக்கறதுக்கு இல்ல, நீ பாக்கறதுக்கு. தூக்கிப் பாரு, குதிகால் இறங்கியிருக்கான்னு. காலைல, மத்தியானம், சாயந்திரம். விரல் வீங்கிச் செவந்திருக்கான்னு பாரு. பாக்க மாட்டேன்னா குடுத்துடு, பிரிச்சு வேற பின்னிக்கறேன்."

ஜெருஷா அதைத் திருப்பி, உள்பக்கத்தைத் தன் உதட்டில் வைத்துப் பார்த்தாள். ஒரு முடிச்சு, ஒரு நெருடல் இல்லை. இத்தனை தையல், இத்தனை வளைவு, எங்கே ஆரம்பித்து எங்கே முடித்தாள் என்றே தெரியவில்லை. இதை ஒரு மனுஷி செய்திருக்கிறாள், நம் எதிரே முக்காலியில் உட்கார்ந்து!

மறுநாள் கிளினிக் வாசலிலேயே அவனைப் பூட்ஸோடு, கம்பியோடு, சாம்பல் உடுப்போடு முதுகில் கட்டினாள், நாலு விரக்கடை கீழே இறக்கி. கம்பி பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. மலை ஏறுவதற்குள் முகோ தூங்கிவிட்டான்.

ஜூலை உறைபனி, ஆகஸ்ட் தூறல், செப்டம்பர் காற்று. ஒரு நாள்கூடக் கழற்றவில்லை. சந்தையில் எவளாவது "என்னக்கா பிள்ளை காலுக்கு?" என்று இழுத்தால், ஜெருஷா பெட்டி மேல் நின்றபடியே, "கால் வளைஞ்சு பிறந்தது! நிமித்தியாச்சு! இது நிமிந்ததைக் காவல் காக்கற பூட்ஸு! உடுப்பைப் பாரு, நம்ம வரிகியாக்கா பின்னினது, எதிர்ல உக்காந்திருக்காங்க, போய்ப் பாரு!" என்று கூவுவாள். தன் கடைக்கு வருகிறவளையே எதிர்க்கடைக்குத் துரத்துகிற வியாபாரியை ஞாபினி அதுவரை கண்டதில்லை.

அக்டோபரில் கிளினிக்காரர் முகோவின் பாதத்தை மேஜை மேல் வைத்தார். குதிகால், உள்ளங்கால், ஐந்து விரல், எல்லாம் பலகையில் பதிந்தன. "இனி தூங்கும்போது மட்டும் மாட்டினா போதும்மா. இவன் ஓடுவான்" என்றார். வரிசையில் உட்கார்ந்திருந்த தாய்மார்கள் சாம்பல் உடுப்பைக் கையிலிருந்து கைக்கு மாற்றி, குதிகால் மடிப்பைத் திறந்து திறந்து பார்த்தார்கள். யார் பின்னியது, எந்த ஊர், எத்தனை நாளாகும் என்று ஆளுக்கொரு கேள்வி.

ஜெருஷா வேனிலிருந்து இறங்கி நேரே சந்தைக்கு ஓடினாள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினாள். மேஜை, ஐந்து விரல், ஓடுவான் என்று சொன்னது, கிளினிக் தாய்மார்கள் இவள் பேரைக் கேட்டது.

வரிகியா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி. அதைக் கொண்டா. எங்க தேஞ்சிருக்கு?" என்றாள்.

உடுப்பை வாங்கி உள்பக்கம் திருப்பி மடியில் விரித்தாள். கழுத்து, தோள், விலா, ஒவ்வொரு இடமாக விரல் நகர்ந்தது. கம்பி மெத்தைக்கு வந்ததும் நின்றது. உதட்டில் வைத்துப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"எந்தக் கால்டி கோணலா இருந்தது?"

"வலதுக்கா."

"இங்க பாரு."

இடது முனையில் மெத்தை புதுசு மாதிரி இருந்தது. வலது முனையில் இரட்டைப் பின்னல் தேய்ந்து, நூல் இழை இழையாகி, ஓட்டை விழப்போகிற நிலையில் இருந்தது.

"இந்தக் கால்தான் உதைச்சிருக்கு" என்றாள் வரிகியா மெதுவாக. "நல்ல கால் சும்மா இருந்திருக்கு. மூணு மாசமா இதுதான் வேலை பாத்திருக்கு."

ஜெருஷா அந்தத் தேய்ந்த இடத்தைத் தொட்டாள், பிறகு குனிந்து மகனின் வலது பாதத்தை முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு, சந்தை பார்க்கப் பார்க்க அழுதாள். அவன் அந்தக் காலாலேயே அவள் கன்னத்தில் ஒரு உதை விட்டான்.

"போதும்டி, மூக்கைத் துடை" என்றாள் வரிகியா, கூடையிலிருந்து ஊசியை எடுத்தபடி. "அடுத்த உடுப்புக்கு இந்த ஓரத்துல மூணு மடிப்பாப் போடறேன்."